டி.சி. தர மறுக்கிறதா கல்லூரி? மாணவர்கள் எங்கே, எப்படிப் புகார் செய்யலாம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கிடைத்த கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிடுகிறார் ஒரு மாணவர். சில வாரங்களில், அவர் விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்கிறது. டி.சி. கேட்டுப் போனால், “மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போ” என்கிறார்கள் ஆபீஸில். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை என்றால், பெற்றோருக்குக் கெஞ்சுவதைத் தவிர வேறு வழி தெரியாது.

ஆனால், வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகள் இந்த விஷயத்தில் மிகத் தெளிவாகவே இருக்கின்றன.

சான்றிதழை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. யுஜிசி 2018-ல் வெளியிட்ட அறிவிப்பின்படி, மதிப்பெண் பட்டியல், டி.சி. போன்ற அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு, உடனே மாணவரிடம் திருப்பித் தர வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ள வேண்டியது நகல்களை மட்டுமே. அதேபோல, ஒரு செமஸ்டர் அல்லது ஓராண்டுக்கான கட்டணத்தை மட்டுமே முன்கூட்டி வாங்கலாம். மொத்தப் படிப்புக்கும் சேர்த்துக் கேட்க முடியாது.

கட்டிய பணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிதான் கணக்கு.

• 15 நாட்களோ அதற்கும் மேலோ முன்னதாக விலகினால்: 100% (செயலாக்கக் கட்டணமாக 5%, அதிகபட்சம் ரூ.5,000 பிடிக்கலாம்)
• 15 நாட்களுக்கும் குறைவாக இருக்கும்போது: 90%
• கடைசித் தேதிக்குப் பிறகு 15 நாட்களுக்குள்: 80%
• 16 முதல் 30 நாட்களுக்குள்: 50%
• 30 நாட்கள் தாண்டினால்: எதுவும் கிடைக்காது

சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமான தேதிகளை அறிவிப்பதும் உண்டு. 2024-25 கல்வியாண்டில், செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரச் சொன்னது. அதனால், அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தர மறுத்தால்?

2023 ஏப்ரலில் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது ஒரு பெண்ணும், எஸ்.சி., எஸ்.டி. அல்லது ஓ.பி.சி. பிரிவைச் சேர்ந்த ஒருவரும் இடம்பெற வேண்டும். மாணவர் பிரதிநிதி ஒருவரும் சிறப்பு அழைப்பாளராக இருப்பார்.

சான்றிதழை முடக்குவது மட்டுமல்ல. அறிவித்ததைவிடக் கூடுதல் கட்டணம் கேட்பது, உதவித்தொகையைத் தாமதிப்பது, பாகுபாடு காட்டுவது எனப் பலவற்றுக்கும் இங்கே புகார் தரலாம். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் நகல் மாணவருக்கும் வர வேண்டும்.

முடிவு திருப்தி இல்லையா? அது கைக்கு வந்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி இந்தப் பொறுப்பில் இருப்பார். இணைப்புக் கல்லூரி மாணவர்களும் இவரை அணுகலாம். 30 நாட்களுக்குள் தீர்வு காண அவர் முயல வேண்டும். விதியை மீறும் நிறுவனத்துக்கு யுஜிசி மானியத்தை நிறுத்திவைக்கவும் முடியும்.

ஒரு விஷயம்: “மார்க் கம்மியா போட்டுட்டாங்க” என்று மறுமதிப்பீடு கேட்டு மட்டும் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. முறைகேடோ பாகுபாடோ நடந்ததைக் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும். பொய்ப் புகார் என்று தெரிந்தால், கொடுத்தவர் மீதே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம்.

ராகிங் என்றால் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1800-180-5522 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்கு டெலி மானஸ் உதவி எண் 14416.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

எழுதிக் கொடுப்பது. விலகல் கடிதம் கொடுத்துத் தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். கட்டணத்தைத் திருப்பித் தர கல்லூரிக்கு உள்ள 15 நாள் கெடு, அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. ஆபீஸ் வாசலில் எத்தனை நாள் நின்றாலும் அது கணக்கில் வராது.