நோயாளர் உள்ள வீட்டில் காய்கறித் தோட்டம்: நஞ்சின்றிப் பூச்சிகளைக் கட்டுப்படுத்துதல்

மாடியிலும் கொல்லைப்புறத்திலும் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை வளர்ப்பது, நோயிலிருந்து மீண்டு வருவோருக்கு மிதமான உடலுழைப்பையும் மன அமைதியையும் அளிக்கிறது. ஆயினும், செடியில் பூச்சி கண்டவுடன் வயலுக்குத் தெளிக்கும் மருந்தை வாங்கி வீட்டில் வைப்பது, பூச்சியினும் பெரிய தீங்கை விளைவிக்கலாம். வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளைப் பெரும்பாலும் நஞ்சின்றியே கட்டுப்படுத்த இயலும்.

வீட்டில் பூச்சிக்கொல்லி ஏன் கூடாது?

பூச்சிக்கொல்லிகள் வாய் வழியாக மட்டுமின்றி, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரக்கூடியவை. தெளிக்கும்போது எழும் சாரல் ஆஸ்துமா உள்ளோருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டலாம். மருந்து தெளித்த பின் குறிப்பிட்ட நாள்கள் கழித்தே காய்களைப் பறிக்க வேண்டும். அன்றாடம் பறித்துச் சமைக்கும் வீட்டில் இதைக் கடைப்பிடிப்பது கடினம்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவோர், மறதிநோய் உள்ள முதியோர், சிறு குழந்தைகள் ஆகியோர் வாழும் வீட்டில் இத்தகைய நஞ்சு இல்லாதிருப்பதே முதற் பாதுகாப்பு. ஏற்கெனவே இருப்பின், உடனடியாகப் பூட்டி வைக்க வேண்டும். குளிர்பானப் புட்டிக்கு ஒருபோதும் மாற்றக் கூடாது.

பூச்சிகளைக் கட்டுப்படுத்துவது எவ்வாறு?

• நாள்தோறும் காலையில் இலைகளின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகியவை அங்கேயே பெருகுகின்றன. தொடக்க நிலையில் நீரைப் பீய்ச்சி அடித்தாலோ ஈரத்துணியால் துடைத்தாலோ அசுவினியும் மாவுப்பூச்சியும் வெகுவாகக் குறையும்.
• கத்தரிச் செடியின் நுனித்தண்டு வாடித் தொங்கினால், உள்ளே புழு துளைத்திருக்கக்கூடும். அந்நுனியைக் கிள்ளி அழிக்க வேண்டும். துளை விழுந்த காய்களையும் அகற்ற வேண்டும்.
• வெள்ளை ஈக்களைக் கவர்ந்து பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறிகளைத் தொங்கவிடலாம்.
• அசுவினியை உண்ணும் பொறிவண்டுகளைக் கொல்லாமல் விட வேண்டும்.
• ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிதளவு சோப்புக் கரைசலும் சேர்த்து நன்கு கலக்கி, மாலையில் தெளிக்கலாம். முதலில் ஓரிரு இலைகளில் தெளித்து, அவை கருகவில்லை என மறுநாள் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.
• தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். அதில் டெங்கு பரப்பும் கொசுக்கள் முட்டையிடும்.

வேப்பெண்ணெய் இயற்கைப் பொருளாயினும் உட்கொள்ளத் தக்கதன்று. குழந்தைகள் விழுங்கினால் வாந்தி, வலிப்பு, மயக்கம் ஏற்படலாம். அதையும் கைக்கெட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்புமாற்று அறுவை செய்துகொண்டோர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோர் மண் கிளறுதல், உரம் கலத்தல் ஆகிய பணிகளைப் பிறரிடம் விடுவது நல்லது. மண்ணில் வாழும் சில நுண்ணுயிரிகள் நீரிழிவு நோயாளிகளையும் கடுமையாகத் தாக்கக்கூடும். எனவே அவர்கள் கையுறையும் மூடிய காலணியும் அணிந்தே தோட்டத்தில் இறங்க வேண்டும். புண் இருப்பின், அது ஆறும்வரை மண்ணைத் தொடக் கூடாது. பறித்த காய்கறிகளை ஓடும் நீரில் கழுவிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

நஞ்சு உடலில் சேர்ந்துவிட்டால்?

மிகுந்த வியர்வை, வாயில் நீர் ஒழுகுதல், வாந்தி, கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை நச்சுப் பாதிப்பின் அறிகுறிகளாகும். அறிகுறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டா.

• உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.
• உதவுபவர் கையுறை அணிந்துகொண்டு, பாதிக்கப்பட்டவரைக் காற்றோட்டமான இடத்திற்குக் கொண்டுசெல்லவும்.
• நனைந்த ஆடைகளைக் களைந்து, உடலைச் சோப்பிட்டு நீரால் நன்கு கழுவவும். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடங்கள் தூய நீரால் அலசவும்.
• வாந்தி எடுக்கத் தூண்டக் கூடாது. உப்புநீர், புளிக்கரைசல், பால் எதுவும் புகட்டக் கூடாது.
• மயங்கியிருந்தாலும் மூச்சு இயல்பாக இருப்பின், ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கவும்.
• மருந்துப் புட்டியையோ அதன் பெயர்ச்சீட்டையோ மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும். எந்த நஞ்சு என்பது தெரிந்தால் உரிய சிகிச்சையை விரைவில் தொடங்க இயலும்.