கடல்வாழ் உயிரினச் சமுதாய மாற்றமும் புள்ளியியல் கலைச்சொற்களும்

1. முன்னுரை

பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' ஆய்விதழில் 2000ஆம் ஆண்டு ரோஹன் ஆர்தர் எழுதிய கட்டுரை, 1998ஆம் ஆண்டின் எல் நினோ வெப்பத்தால் இந்தியாவின் மூன்று பவளப்பாறைப் பகுதிகளில் நேர்ந்த விளைவை அளந்து காட்டியது. கட்ச் வளைகுடாவில் வெளிறிய பவளம் சராசரியாக 11 விழுக்காடு. அதனால் இறப்பு நேர்ந்ததாகத் தெரியவில்லை. இலட்சத்தீவில் 82 விழுக்காடு வெளிறியது; இறப்பு 26 விழுக்காடு. மன்னார் வளைகுடாவில் இவ்வெண்கள் முறையே 89, 23 ஆகும்.

வெளிறல் என்பது பவள உயிரி தன்னுள் வாழும் நுண்பாசியை இழத்தலாகும். வெப்பம் தணியின் பவளம் மீளவும் கூடும். 'வெளிறல்' என்னும் சொல்லுக்கு 'அழிவு' என மொழிபெயர்ப்பாளர் எழுதிவிட்டால் மன்னார் வளைகுடாவின் இழப்பு 23இலிருந்து 89 ஆகிவிடும். எண் மாறவில்லை; சொல்லே மாறியது. இத்தகைய இடர்ப்பாடுகள் புள்ளியியல் முறைகளை விளக்கும் சொற்களிலும் உள்ளன. அவற்றுள் சில ஈண்டு ஆராயப்படுகின்றன.

2. சமுதாயமும் இனத்தொகையும்

சூழலியலில் 'சமுதாயம்' என்பது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் பல இனங்களின் தொகுதி. ஒரே இனத்தின் உறுப்பினர் தொகுதி 'இனத்தொகை' எனப்படும். இரண்டையும் 'கூட்டம்' என்று குறிப்பது பொருள் மயக்கம் தரும். மொத்த எண்ணிக்கை மாறாதிருக்கும்போதே இனங்களின் விகிதம் மாறுவதுண்டு. அதுவே சமுதாய மாற்றம்.

3. ஒப்புமையை அளத்தல்

பால் ஜக்கார்டு 1901இல் ஆல்ப்ஸ் மலைத் தாவரங்களுக்கு வகுத்த கெழு, இரண்டு இடங்களுக்கும் பொதுவான இனங்களை மொத்த இனங்களால் வகுப்பது. பிரே, கர்டிஸ் ஆகியோர் 1957இல் விஸ்கான்சின் காடுகளை ஆராய்ந்து கையாண்ட அளவை எண்ணிக்கையையும் கருதும். நிலத்தில் தோன்றிய இவை பின்னர் கடலாய்விற்கும் பயன்பட்டன.

மூன்று இனங்கள் முதலாண்டில் 10, 6, 0 எனவும் மறு ஆண்டில் 4, 6, 4 எனவும் காணப்பட்டதாகக் கொள்வோம். பொதுவான இனங்கள் மூன்றனுள் இரண்டு. ஜக்கார்டு கெழு 0.67. எண்ணிக்கை வேறுபாடுகளின் கூட்டல் 10, இரண்டு ஆண்டுகளின் மொத்தம் 30. எனவே பிரே-கர்டிஸ் அளவு 0.33. முன்னது ஒப்புமையையும் பின்னது வேறுபாட்டையும் குறிக்கும். பின்னதை 'வேற்றுமைக் கெழு' என்றால் மொழியியலார்க்கு இலக்கண வேற்றுமையே நினைவில் எழும்; 'வேறுபாட்டுக் கெழு' என்பதே தெளிவு.

இரண்டு இடங்களிலும் இல்லாத இனத்தை இவ்விரு அளவைகளும் ஒப்புமையாகக் கொள்வதில்லை. இரண்டு கிளைமொழிகளில் ஒரு சொல் இல்லாமையை அவற்றின் உறவிற்குச் சான்றாகக் கொள்ளத் தயங்குவதோடு இதனை ஒப்பிடலாம்.

4. தற்செயலா என்னும் சோதனை

கடல் மாதிரிகளில் சுழிகள் மிகுதி; இயல்நிலைப் பரவலை எதிர்பார்க்கவியலாது. இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வகத்தைச் சார்ந்த கிளார்க் 1993இல் விளக்கிய முறை வேறுபாடுகளைத் தரவரிசைப்படுத்துகிறது. பின்னர் மாதிரிகளின் ஆண்டுப் பெயர்களை மாற்றி மாற்றி இட்டு, கிடைத்த பிரிவு தற்செயலாக எத்தனை முறை தோன்றும் எனக் கணிக்கிறது.

ஆண்டுக்கு நான்கு மாதிரிகளாயின் எட்டினையும் இரண்டாகப் பிரிக்கும் வழிகள் 35. மூன்றாயின் 10 மட்டுமே. மூன்று மாதிரிகளைக் கொண்டு, மாற்றம் எவ்வளவு பெரிதாயினும், 5 விழுக்காட்டு வரம்பை எட்டவியலாது. ஆதலின் 'தற்செயலன்று என நிறுவப்படவில்லை' என்னும் முடிவை 'மாற்றமில்லை' எனவோ 'முக்கிய மாற்றமில்லை' எனவோ பெயர்த்தல் பிழை. பவளம் அழிந்துகொண்டிருக்கையில் அத்தொடர் அழிவை மறைத்துவிடும்.

5. முடிவுரை

தமிழகத்தின் 'கெழு' இலங்கையில் 'குணகம்'. இங்குத் 'திட்ட விலக்கம்' அங்கு 'நியம விலகல்'. மன்னார் வளைகுடாவின் இருகரைகளிலும் தமிழர் வாழ்கின்றனர்; அக்கடலைப் பற்றிய அறிக்கை இருகரையாருக்கும் உரியது. எனவே முதலில் வருமிடத்தில் இரண்டு சொற்களையும் தந்து, பின்னர் ஒன்றனையே கையாளுதல் தகும். வெளிறல், இறப்பு, வேறுபாடு, தற்செயலன்மை ஆகிய நான்கும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வாராவாறு காத்தல் மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமையாகும்.