"வேலைக்காரி" எழுப்பும் வினா

அறிஞர் அண்ணா எழுதிய "வேலைக்காரி" நாடகம் 1946-இல் கே. ஆர். இராமசாமியின் குழுவினரால் மேடையேற்றப்பட்டது. 1949-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. சமயத்தைச் சாடும் நாடகம் என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், பாவத்தைத் தனிமனிதரின் குறையாக மட்டுமே கருதப் பழகிய நமக்கு இதில் பாடம் உண்டு.

கடன் தொல்லை தாளாத சுந்தரம் பிள்ளை தூக்கிட்டு மாள்கிறார். கடன் கொடுத்த வேதாசல முதலியார் சட்டத்தின்முன் குற்றவாளி அல்லர். ஆயினும், அச்சாவுக்கு அவரே பொறுப்பு என்று நாடகம் தீர்ப்பளிக்கிறது. அவர் பக்தரும்கூட, பூசையும் கடன் வசூலும் ஒரே இல்லத்தில் இடரின்றி நடைபெறுகின்றன. நீதியற்ற வழிபாட்டை ஆண்டவர் வெறுக்கிறார் என்று முழங்கிய ஆமோசும் (5:21–24), பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று எழுதிய யாக்கோபும் (5:4) கண்டித்தது இதனையே. எனவே இந்நாடகத்தின் சமயக் கண்டனத்தைக் கேட்டு நாம் சினம் கொள்வதைவிட, நம்மையே சோதித்தறிவது தகும்.

எனினும், நாடகம் ஓரிடத்தில் தயங்கி நிற்கிறது. முதலியாரின் மகன் மூர்த்தி வேலைக்காரி அமிர்தத்தை விரும்புகிறான். அவளோ வேலைக்காரியாகவே அவ்வீட்டின் மருமகளாக முடியவில்லை. செல்வர் ஒருவரின் மகள் என்னும் பெயரோடுதான் வாயில் திறக்கிறது. செல்வரின் போலிப் பெருமையை இந்தச் சூழ்ச்சி அம்பலப்படுத்துவது உண்மையே. ஆனால் உழைப்பவள் உழைப்பவளாகவே மதிப்புப் பெறுவது எப்போது?

நற்செய்தி இங்கே ஒருபடி மேலே செல்கிறது. ஒநேசிமுவுக்கு வேறு பெயரோ வேறு குலமோ சூட்டிப் பவுல் அவனை அனுப்பவில்லை. அதே ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்குமாறு பிலேமோனை வேண்டுகிறார் (வச. 16). அடிமையை ஆண்டவன்போல் ஒப்பனை செய்வதன்று நம் விசுவாசம். ஆண்டவரே அடிமையின் கோலம் எடுத்தார் என்பதே நம் அறிக்கை (பிலிப்பியர் 2:7).

இது நூலாராய்ச்சியோடு முடியும் பொருளன்று. ஐயப்பன்தாங்கல் போன்ற புறநகர்களில் அடுக்குமாடி இல்லங்கள் பெருகியுள்ளன. அவற்றில் பாத்திரம் துலக்கவும் வீடு பெருக்கவும் வரும் பெண்களுள் நம் சபையாரும் உண்டு; அவர்களை வேலைக்கு அமர்த்துவோருள்ளும் நம் சபையார் உண்டு. தமிழக அரசு 2007-இல் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் அமைத்தது. அதில் பதிவு செய்துகொள்ள உதவுவதும், வார விடுப்பையும் நியாயமான ஊதியத்தையும் குறித்துப் பிரசங்க பீடத்திலிருந்து பேசுவதும் ஆயர் பணியே. நோயுற்ற நாளுக்குக் கூலி பிடிக்கும் கை, ஞாயிறன்று அதே பெண்ணோடு ஒரே பாத்திரத்தில் பானம் பருகுமாயின், நம் திருவிருந்து எதற்குச் சாட்சி பகரும்?

வேதாசலம் தம் வீட்டுக் கணக்கைத் திருப்பிப் பார்க்க ஒரு சாவு தேவைப்பட்டது. நம் சபையாருக்கு அது தேவைப்படலாகாது. அதற்கு முன்பே பேசுவது ஆயரின் கடமை.