சீம்பாலுக்குள் ஒரு பூட்டு

பிரசவமானதும் முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கும் மஞ்சள் பாலை 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தை நாக்கில் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அடடா, எவ்வளவு பெரிய நஷ்டம்!

அந்தப் பாலில் லாக்டோஃபெரின் என்றொரு புரதம் உண்டு. தாய்ப்பாலிலிருந்து 1960-ல் இதைப் பிரித்தெடுத்தார்கள். இதன் ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இரும்புச் சத்து நல்லதாச்சே, அதை ஏன் பூட்டி வைக்கணும் என்கிறீர்களா? வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் கிருமிகள் பலவற்றுக்கும் இரும்பு வேண்டுமே! அது கிடைக்காவிட்டால் அவை பெருக முடியாது.

நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களிலும் இதே புரதம் இருக்கிறது. கிருமியை விழுங்கியதும் அவை ஹைட்ரஜன் பெராக்ஸைடு (புண் கழுவும்போது நுரைக்குமே, அதேதான்) போன்றவற்றை உண்டாக்கி அதைக் கொல்கின்றன. பக்கத்தில் இரும்பு கட்டவிழ்ந்து கிடந்தால், அந்தப் பெராக்ஸைடு ஹைட்ராக்சில் என்கிற முரட்டு ஃப்ரீ ராடிகலாக மாறி நம் திசுக்களையே தாக்கும். அடுப்புத் தீ முந்தானையில் பற்றுகிற மாதிரி! இரும்பைப் பிடித்து வைத்து அதைத் தடுப்பதும் லாக்டோஃபெரின்தான்.

சீம்பாலில் இது லிட்டருக்கு 5 கிராம், அதற்கு மேலும் இருக்கும். சில வாரங்களில் 1, 2 கிராமாகக் குறைந்துவிடும். பசும்பாலிலோ மிகச் சொற்பம்.

சொட்டுச் சொட்டாக வருகிறதே, போதுமா என்று பாட்டிமார் பதறுவார்கள். முதல் நாள் குழந்தையின் வயிறு கொள்வதே அவ்வளவுதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். சிசேரியன் என்றாலும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது. இரும்புச் சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் சொல்லாமல் நாமாகக் கொடுக்க வேண்டாம்.