கட்டி எந்தத் தண்ணீர் குடிக்கிறது?

கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவும், வாயில் இரும்பு ருசி தட்டும், வேட்டியை நனைத்துவிட்டோமோ என்று பயம் வரும் (நனைத்திருக்க மாட்டோம்). அந்த மருந்து கட்டியில் போய் ஒட்டிச் சாயம் ஏற்றும், வெள்ளையாகத் தெரிந்தால் புற்று என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம்.

மருந்துக்குப் புற்று எது, நல்ல சதை எது என்று தெரியாது. அது அயோடின் கலந்த திரவம். ரத்தம் போகிற இடமெல்லாம் போகும். டாக்டர் பார்ப்பது நிறத்தை மட்டுமல்ல, எந்த நேரத்தில் அந்த நிறம் என்பதையும்தான்.

அது புரிய, கல்லீரலை எடுத்துக்கொள்வோம்; முதலில் அதன் பாசனம் தெரிய வேண்டும். ஆற்று வாய்க்காலும் பம்புசெட்டும் சேர்ந்து பாயும் வயல் அது. வாய்க்கால் என்பது குடலிலிருந்து சத்தோடு வரும் போர்ட்டல் சிரை. முக்கால் பங்கு ரத்தம் அதில்தான். மீதிக் கால் பங்கு, பம்புசெட் மாதிரி, தமனி வழியே வருகிறது. கல்லீரல் கட்டிகள் பெரும்பாலும் தமனியை நம்பியே வளர்கின்றன என்று பிரீடிஸ், யங் என்ற ஆய்வாளர்கள் 1954இல் எழுதினார்கள்.

இனி ஸ்கேனுக்கு வருவோம். ஊசி போட்ட சுமார் 35ஆவது விநாடியில் மருந்து தமனியில் வந்திருக்கும், வாய்க்காலில் இன்னும் சரியாக நிரம்பியிருக்காது. அப்போது எடுக்கும் படத்தில், கல்லீரலிலேயே தோன்றிய புற்றுக் கட்டி பெரும்பாலும் பளிச்சென்று வெள்ளை. 70ஆவது விநாடி வாக்கில் கல்லீரல் முழுக்க வெளுக்கும். சில நிமிடம் கழித்து எடுத்தால் அதே கட்டி சுற்றுச் சதையைவிடக் கறுத்துக் கிடக்கும், மருந்து வடிந்துவிட்டது. சிரோசிஸ் (கல்லீரல் இறுகிப்போகும் நோய்) உள்ளவருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி இப்படி வெளுத்துக் கறுத்தால், பல நேரம் ஊசி குத்திச் சதை எடுக்காமலே புற்று என்று சொல்லிவிடுவார்கள். ஹீமான்ஜியோமா என்ற சாதுக் கட்டியும் வெளுக்கும். ஆனால் பெரும்பாலும் ஓரத்திலிருந்து மெல்ல நிரம்பி, கடைசிப் படத்திலும் வெள்ளையாகவே நிற்கும். ஒரே ஸ்கேனில் மூன்று முறை மூச்சைப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான். பில்லை ஏற்றுவதற்கு அல்ல.

சிகிச்சைக்கும் இதே பாசனக் கணக்குதான். தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ நுழைத்த மெல்லிய குழாயைக் கட்டிக்குப் போகும் தமனிக் கிளைவரை தள்ளி, அங்கேயே படமெடுத்து, புற்று மருந்தை லிப்பியோடாலில் குழைத்து விட்டு, கிளையை அடைப்பார்கள். லிப்பியோடால் வேறொன்றுமில்லை, அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெய். இந்தச் சிகிச்சையை 'டேஸ்' என்று சொல்கிறார்கள். கட்டி பட்டினி கிடக்கும்; வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் இருக்கிறது.

வாய்க்காலே அடைபட்டிருந்தால்? அதனால்தான் பம்புசெட்டில் கைவைக்கும் முன், போர்ட்டல் சிரையில் ரத்தம் தடையில்லாமல் ஓடுகிறதா என்று அந்த 70ஆவது விநாடிப் படத்தைத் தேடி எடுக்கிறார் டாக்டர்.