ஊசி போட நான்கு ஆண்டுகளா?

மன்னார்ப் பட்டினத்துக்கு அணித்தேயுள்ள கீரிக் கிராமத்துக்கு ஒரு மாலைப்பொழுதில் சென்றிருந்தோம். கரை மணலில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டு முற்றத்தில் நம் செவியில் விழுந்த வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அவ்வீட்டு மகள் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவிற் சித்தியெய்தியவள். பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் பயில வேண்டுமென்பது அவள் விருப்பம். அன்னைக்கோ மனம் ஒப்பவில்லை.

“ஊசி போடவும் மருந்து குடுக்கவும் நாலு வருஷம் என்னத்தை ஐயா படிக்கிறது? தாதியர் பாடசாலைக்குப் போனால் மூண்டு வருஷத்தில முடியும், மாசாமாசம் கையில காசும் வரும்” என்றார் அவ்வம்மையார்.

வினா நியாயமானதே. சுகாதார அமைச்சின் தாதியர் பாடசாலைகளிற் பயில்வோர்க்குப் பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. பல்கலைக்கழக மாணவர்க்கு அவ்வாறில்லை. வசதி குறைந்தோர் மகாபொல உதவிப்பணத்தையோ மாணவர் உதவித்தொகையையோ நம்பியிருக்க வேண்டும். கடல் தரும் நாளில் உண்டு, தராத நாளில் இல்லை என்றிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய வேறுபாடன்று. ஆகவே அந்நான்கு ஆண்டுகளில் கற்பது யாதென அறிந்தபின் முடிவு செய்வதே தகும்.

முதலிற் கற்பது மனித உடலை. எலும்பு, தசை, நரம்பு, குருதியோட்டம் ஆகியவற்றின் அமைப்பையும் தொழிலையும் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் போதிக்கின்றன. உயிர் இரசாயனம், நுண்ணுயிரியல், போஷாக்கு, உளவியல், சமூகவியல் என்பனவும் உடன் வருகின்றன. இவற்றோடு தாதியியலின் அடிப்படைப் பயிற்சியும் தொடங்கிவிடுகிறது. கை கழுவும் முறை முதற்பாடம். படுக்கையிற் கிடப்பவரைக் கீழே இறக்காமலே விரிப்பை மாற்றுவது, நாடி, மூச்சு, குருதியமுக்கம், உடல்வெப்பம் ஆகியவற்றை அளந்து குறிப்பது இவையெல்லாம் பார்ப்பதற்கு எளியன. பிழைத்தால் உயிருக்கே கேடு விளைப்பன.

அடுத்து வருவது மருந்தியல். இங்கே கணக்குப் பிழைக்கக்கூடாது. ஆயிரம் மில்லிலீற்றர் சேலைனை எட்டு மணித்தியாலத்தில் ஏற்றுமாறு வைத்தியர் எழுதுகிறார் என்க. ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாயாயின் மொத்தம் 20,000 துளிகள். எட்டு மணித்தியாலமோ 480 நிமிடங்கள். எனவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி விழவேண்டும். இருதய நோயாளிக்கு இது மட்டுமீறி விரைந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஊசி போடுவது ஒரு கணத்து வேலை; எதை, எவ்வளவு, எவருக்கு, எப்போது, எவ்வழியாக என்று அறிந்து போடுவதே கல்வி. இதனைச் சொன்னதும் அம்மையார் சற்று மௌனமானார்.

மன்னார்க் கடலோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டையும் கூறினோம். கடலட்டை, சங்கு ஆகியவற்றுக்காகக் காற்றுக் கலன் பூட்டி ஆழத்திற் சுழியோடுபவர் இப்பகுதியில் உளர். ஆழ்நீரின் அமுக்கத்தில் காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலிற்போல அது குமிழிகளாக வெளிப்படும். மூட்டு நோகும், கால் மரக்கும், சிலவேளை இடுப்புக்குக் கீழ் உணர்வே அற்றுப்போகும். அத்தகைய ஒருவர் இரவில் வைத்தியசாலைக்கு வந்து, “கால் உழைவு” என்று மட்டும் சொன்னால்? “இன்று என்ன தொழில் செய்தீர்கள்? எத்தனை முறை இறங்கினீர்கள்?” என்று வினவத் தெரிந்த தாதி அங்கிருந்தால், வைத்தியருக்கு உடனே செய்தி போகும், ஒட்சிசன் ஏற்றப்படும், அமுக்க அறை உள்ள இடத்துக்கு அனுப்பவும் காலம் கிடைக்கும். கேட்கத் தெரியாதவரோ நோவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். நோயாளியிடம் விவரம் அறிதல் என்பது பட்டப்படிப்பில் தனித்துப் பயிலும் ஒரு கலை.

மேல்வகுப்புகளில் மருத்துவ, சத்திரசிகிச்சைத் தாதியியல், தாய்மார் பராமரிப்பு, குழந்தைகள் பராமரிப்பு, உளநலத் தாதியியல் ஆகியவற்றை வகுப்பறையிலும் வைத்தியசாலை விடுதிகளிலும் மாறிமாறிக் கற்கின்றனர். சமூக சுகாதாரத் தாதியியல் மாணவரை விடுதிக்கு வெளியே ஊருக்குள் அழைத்துச் செல்கிறது. மன்னாரில் அதன் தேவை வெளிப்படை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே, அதுவரை இந்நாட்டிற் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் மலேரியா நுளம்பின் குடம்பிகள் மன்னார்த் தீவின் கிணறுகளிற் கண்டறியப்பட்டன. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு திரும்பும் ஒருவரும், மூடப்படாத ஒரு கிணறும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை வீடுவீடாக எடுத்துச் சொல்பவர் வேண்டாமா?

இறுதியாண்டில் நிர்வாகமும் புள்ளிவிவரவியலும் உண்டு. மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வொன்றும் செய்தல் வேண்டும். பட்டப்படிப்பை ஏனைய பயிற்சியினின்று பெரிதும் வேறுபடுத்துவது இந்த ஆய்வுக் கல்வியே என்பது நம் கருத்து.

தாதியர் கல்வி பல்கலைக்கழக வாயிலை எட்டியது நெடுநாள் வழக்கன்று. புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பாடசாலை இலண்டனில் 1860 இல் தொடங்கியது. பிரித்தானியாவின் முதலாவது தாதியியல் பட்டப்படிப்பு எடின்பரோவில் ஏற்பட, மேலும் நூறு ஆண்டுகள் சென்றன. தமிழ்நாடோ முந்திக்கொண்டது. ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1909 இல் தொடங்கிய தாதியர் பாடசாலை 1946 இல் பட்டக் கல்லூரியாயிற்று. இலங்கையில் திறந்த பல்கலைக்கழகம் 1994 இல் இத்துறையைத் தொடங்கியது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்திலும் நம் பிள்ளைகள் இதனைப் பயில்கின்றனர்.

ஒன்றை மறைத்தலாகாது. கற்பிக்கும் மொழி ஆங்கிலம். தமிழிற் பயின்று வரும் கிராமத்துப் பிள்ளைகளை முதலாண்டில் வாட்டுவது அதுவே. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன் பின்னாளில் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்து, நூல்களையும் தமிழாக்குவித்தார். அம்மரபு தொடரவில்லையே என்னும் ஆதங்கம் நமக்குண்டு. ஆனால் வருந்தியிருந்து பயனில்லை. பரீட்சை முடிவுக்கும் அனுமதிக்கும் இடையே கிடைக்கும் மாதங்களில் ஆங்கிலத்தைப் பழகிக்கொள்வதே நலம் என்று அப்பெண்ணுக்குக் கூறினோம். பட்டம் பெற்றவுடன் அரச நியமனம் கைமேல் வரும் என எண்ணிவிட வேண்டாம் என்பதையும் அன்னையிடம் ஒளிக்கவில்லை.

அம்மையார் முடிவொன்றும் சொல்லவில்லை. பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் பஸ்ஸுக்கு என்ன செலவாகும், விடுதி கிடைக்குமா என்று மகளை வினவத் தொடங்கினார். நாம் விடைபெற்று எழுந்தபோது, வலை பொத்திக்கொண்டிருந்த இளைய மகனைக் காட்டி, “பொடியங்களும் இதைப் படிக்கலாமோ ஐயா?” என்றார்.

படிக்கலாம் என்றோம்.