அடிக்காமல் விட்ட வரி

செல்போன் கையில் இருக்கும்போதே தானாக அணைந்து, கம்பெனிச் சின்னத்தைக் காட்டிவிட்டு மறுபடி எழுந்தால் சூடாகிவிட்டது என்போம், பேட்டரி போய்விட்டது என்போம், அதுவும் இல்லையென்றால் வைரஸ் மேல் பழி போடுவோம். பெரும்பாலும் சூடோ பேட்டரியோதான். ஆனால் அரிதாகச் சில நேரம், போனுக்குள் கெர்னல் எனப்படும் அடிப்படை மென்பொருளே நிலைகுலைந்து விழுந்திருக்கும். அப்படி விழ வைக்கும் காரணங்களில் கண்டுபிடிக்க மிகக் கடினமான ஒன்று உண்டு. சிப்பின் ஒரு கோர், மாறிப்போன ஒரு முகவரியைப் பழையபடியே நினைவில் வைத்திருப்பதுதான் அது. மயிலாடும்பாறைக் கடைவீதியில் கிடைக்கும் குறைந்த விலை ஆண்ட்ராய்டு போனிலும் இன்று எட்டு கோர்கள் இருக்கின்றன. எனவே இதை பெங்களூருக்காரர்களின் கவலை என்று தள்ளிவிட முடியாது.

போனில் ஓடும் ஒவ்வொரு ஆப்பும் நினைவகம் முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற நினைப்பில் ஓடுகிறது. அது கேட்கும் முகவரி மெய்நிகர் முகவரி. உண்மையில் அந்தத் தகவல் ரேமில் வேறெங்கோ கிடக்கும். 1962-ல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலிருந்து வரும் ஏற்பாடு இது. இன்று நினைவகம் பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. 4 ஜிபி ரேம் என்றால் 10,48,576 பக்கங்கள். எந்த மெய்நிகர்ப் பக்கம் எந்த உண்மைப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கெர்னல் பக்க அட்டவணையில் எழுதி வைக்கிறது. அந்த அட்டவணையும் ரேமில்தான் இருக்கிறது, அதுவும் மூன்று நான்கு அடுக்குகளாக. ஒவ்வொரு முறையும் அத்தனை அடுக்கையும் புரட்டினால் போன் ஊர்ந்துதான் போகும். அதனால் ஒவ்வொரு கோரும் அண்மையில் பார்த்த விடைகளைத் தனக்குள்ளேயே குறித்துக்கொள்கிறது. டிஎல்பி எனப்படும் இந்தக் குறிப்பில் முதல் அடுக்கில் சில பத்து வரிகளும், இரண்டாம் அடுக்கில் ஆயிரம் சொச்சமும் இருக்கும்.

வருசநாட்டுப் பக்கத்து இலவம் பஞ்சுக் குடோன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அறை எந்த வியாபாரிக்கு என்பது முதலாளியின் பெரிய பேரேட்டில் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் பேரேட்டைப் பார்க்கப் போகாமல், அவரவர் சட்டைப்பையில் துண்டுக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு வியாபாரி ஏழாம் அறையைக் காலி செய்கிறார். பேரேட்டில் அது திருத்தப்படுகிறது. அறை இன்னொருவருக்குப் போகிறது. ஒருவருடைய துண்டுச்சீட்டில் மட்டும் பழைய வரி அடிக்கப்படாமல் இருந்தால்? அவர் தன் கணக்குப்படி சரியாகத்தான் வேலை செய்கிறார். மூட்டை மட்டும் அடுத்தவர் அறையில் விழுகிறது.

சிப்பிலும் இதேதான் நடக்கிறது. தகவல்களை வைத்திருக்கும் சாதாரண கேஷ்களில், ஒரு கோர் எதையாவது மாற்றினால் மற்ற கோர்களின் பழைய நகலை வன்பொருளே செல்லாததாக்கிவிடும். டிஎல்பிக்கு அந்த வசதியைப் பெரும்பாலான சிப் வடிவமைப்பாளர்கள் கொடுக்கவில்லை. பழைய வரியை அடிக்கச் சொல்லும் பொறுப்பைக் கெர்னலிடம் விட்டுவிட்டார்கள். இன்டெல் வகைச் சிப்களில் கெர்னல் மற்ற கோர்களுக்கு இன்டரப்ட் அனுப்பி, செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தச் செய்து, அழிக்க வைத்து, எல்லாரும் முடித்தார்களா என்று காத்திருக்கும். இதற்கு டிஎல்பி ஷூட்டவுன் என்று பெயர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மேக் கெர்னலை எழுதியவர்கள் 1989-லேயே இந்த முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆர்ம் சிப்களில் ஒரே கட்டளை எல்லாக் கோர்களுக்கும் ஒலிபரப்பாகும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் 2014-ல் தொடங்கிய சக்தி புராசசர், ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுவது. அதில் எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ என்ற கட்டளை, அதை ஓட்டிய கோருக்கு மட்டுமே செல்லும். பக்கத்துக் கோருக்குச் சொல்ல வேண்டுமானால் தனியாக ஆள் அனுப்பவேண்டும்.

ஆள் அனுப்புவது செலவு. இந்தப் பிழைகளின் மூலம் அதுதான் என்பேன். எட்டு கோரையும் நிறுத்திவைத்துக் காத்திருப்பதற்கு எந்தக் கெர்னல்காரருக்கும் மனம் வராது. அதனால் குறுக்குவழிகள் பிறக்கின்றன: பல அழிப்புகளைச் சேர்த்து ஒரே தடவையில் செய்வது, தூங்குகிற கோரை எழுப்பாமல் விடுவது, அட்டவணையை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் காக்கும் பூட்டைத் திறந்துவிட்டு அப்புறம் அழிப்பது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்.

2018-ல் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோவைச் சேர்ந்த ஜான் ஹார்ன் கண்டது இதில் கடைசி வகை. நினைவகப் பகுதியை ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்கு நகர்த்தும் எம்ரீமேப் என்ற வேலையில், லினக்ஸ் முதலில் பக்க அட்டவணையின் பூட்டைத் திறந்தது. பிறகுதான் பழைய முகவரியை டிஎல்பியிலிருந்து அழித்தது. நடுவில் ஒரு கண்ணிமைப்பு இடைவெளி. அந்த இடைவெளியில் வேறொரு கோர் அதே கோப்பைச் சுருக்கினால் பக்கம் விடுவிக்கப்படும். அப்போது அட்டவணையில் இருப்பது புதிய முகவரி என்பதால் அதை மட்டும் அழிப்பார்கள். பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்த கோர், இதற்குள் வேறு யாருக்கோ போய்விட்ட பக்கத்தில் வாசிக்கலாம், எழுதலாம். அந்த ஆண்டு அக்டோபரில் திருத்தம் வந்தது. திருத்தம் என்ன? அழித்துவிட்டுப் பூட்டைத் திற. சில வரிகளின் வரிசை மாறியது, அவ்வளவே.

இப்படியொரு பிழையை எப்படித் தேடுவது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. கெர்னல் விழும்போது திரையில் நீளமாக ஒரு புலம்பல் வரும்: இன்ன முகவரியை எட்ட முடியவில்லை, இன்ன ஃபங்ஷனில் நின்றேன். அனுபவமில்லாதவர் அந்த ஃபங்ஷனைப் பிடித்து உலுக்குவார். டிஎல்பிப் பிழையில் அது வீண் உழைப்பு, ஏனென்றால் அங்கே நிற்பது அடிபட்டவன். அடித்தவன் சில மில்லிநொடிக்கு முன்பே வேறொரு கோரில் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பான். அடிபடுகிற இடமும் தினம் மாறும்: இன்று கோப்பு முறைமை, நாளை வைஃபை டிரைவர், மறுநாள் ஒன்றுமே ஆகாமல் ஒரு புகைப்படத்தில் பச்சைக் கோடு. விழுந்த கணத்தின் நினைவகத்தை முழுதாகச் சேமித்துப் பார்த்தாலும் பக்க அட்டவணை சரியாகவே இருக்கும். தவறு இருந்தது டிஎல்பியில். அதைப் படித்துக் காட்டும் சாதாரணக் கட்டளை பெரும்பாலான சிப்களில் கிடையாது. போன் மறுபடி எழும்போது அது துடைக்கப்பட்டுவிடும்.

தடயத்தை வேறு வழியில்தான் உண்டாக்க வேண்டும். விடுவிக்கும் பக்கத்தையெல்லாம் 10101010 என்ற பிட் வரிசையால் நிரப்பும் வசதி லினக்ஸில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மறுபடி ஒருவருக்குக் கொடுக்கும்போது வரிசை கலைந்திருந்தால், காலி என்று நினைத்த இடத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். பக்கத்தைக் கடைசியாக வைத்திருந்தது யார் என்று குறித்துவைக்கும் பேஜ் ஓனர் வசதியையும் சேர்த்துக்கொண்டால் சந்தேகப் பட்டியல் சுருங்கும்.

அடுத்ததாகப் பலரும் செய்வது, ஒரே கோரில் ஓடவிட்டுப் பார்ப்பது. அல்லது ஒவ்வொரு முறையும் டிஎல்பி முழுவதையும் துடைக்கச் சொல்வது. கெர்னல் விழுவது நின்றுவிட்டால் டிஎல்பிதான் குற்றவாளி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரே கோரில் ஓட்டினால் கோர்களுக்கு இடையிலான எல்லாப் போட்டிப் பிழைகளுமே ஒளிந்துகொள்ளும். எல்லாவற்றையும் துடைத்தால் ஓட்டம் மெதுவாகும். மெதுவானதாலேயே வேறொரு பிழை மறைந்திருக்கலாம். பிழை போய்விட்டது என்பது சாட்சியாகாது. அதை வளர்த்துக் காட்டுவதுதான் சாட்சி. சந்தேகப்படும் இரண்டு வரிகளுக்கு நடுவே வேண்டுமென்றே ஒரு தாமதத்தைச் செருக வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை விழுந்தது நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்தால் இடம் கிடைத்துவிட்டது. ஹார்ன் தாக்குதல் நடத்துபவரின் கண்ணோடு செய்ததும் இதற்கு நெருக்கமானதுதான். பிக்சல் 2 போனில் எம்ரீமேப் ஓடும் திரெட்டுக்கு மிகக் குறைந்த முன்னுரிமை கொடுத்து, சரியான தருணத்தில் அதே கோரில் வேறொரு வேலையை நுழைத்தார். கண்ணிமைப்பாக இருந்த இடைவெளி தாராளமாக அகன்றது.

கெர்னல் சரியாகச் சொல்லியும் சிப் கேட்காமல் போவதுண்டு. ஆர்ம் கோர்டெக்ஸ்-ஏ55, குறைந்த விலை போன்களின் சிறிய கோர்களாகப் பரவலாக இருப்பது. மிக அரிதான சூழலில், அழிக்கும் கட்டளை முடிந்துவிட்டதாகச் சொன்ன பிறகும் ஒரு கோர் விடுவிக்கப்பட்ட பக்கத்தில் எழுதிவிடக்கூடும் என்பது அதன் பிழைப்பட்டியலில் 2441007 என்ற எண்ணோடு இருக்கிறது. லினக்ஸ் அதற்குக் கண்ட பரிகாரம், கட்டளையை இரண்டு தடவை சொல்வது. அதற்கும் நேரச் செலவு இருப்பதாலும் பிழை மிக அரிது என்பதாலும், கெர்னலைக் கட்டுகிறவர்களுக்கான குறிப்பு, தெரியாவிட்டால் இது வேண்டாம் என்று விடச் சொல்கிறது. சைஃபைவ் நிறுவனத்தின் யு74 கோர்களில் ஒரு முகவரியை மட்டும் அழிக்கும் எஸ்ஃபென்ஸ் கட்டளையை நம்ப முடியவில்லை. லினக்ஸ் அந்த இடங்களில் முழுத் துடைப்பைப் போட்டது. இன்டெல்லின் ஆல்டர் லேக் சிப்களில் பிசிஐடி என்ற வசதி இயங்கும்போது சில பொது வரிகள் அழியாமல் தங்கின. 2023-ல் லினக்ஸ் அவற்றில் அந்த வசதியையே அணைத்துவிட்டது. பழைய கட்டளைக்கும் புதிய சிப் தவறும் என்பதற்கு இவ்வளவு போதும்.

போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் இதைத் தொட்டுப் பார்க்க விரும்பினால் வழி இருக்கிறது. சக்தியின் வடிவமைப்பு திறந்த மூலமாகக் கிடைக்கிறது. அதன் சி-கிளாஸ் கோரை ஆர்ட்டி ஏ7 என்ற எஃப்பிஜிஏ (உள்ளமைப்பை மாற்றியமைக்கக்கூடிய சிப்) பலகையில் ஏற்றி லினக்ஸ் ஓட்டலாம். கெர்னலில் ஒரே ஒரு எஸ்ஃபென்ஸை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கியூஇஎம்யு போன்ற மென்பொருள் நகலியில் செய்து திருப்திப்பட வேண்டாம். உண்மை டிஎல்பியின் அளவும் நேரக்கணக்கும் அங்கே இல்லாததால் பல பிழைகள் தலைகாட்டுவதில்லை. ஆனால் அந்தப் பலகையில் இருக்கப்போவது ஒற்றைக் கோர். பக்கத்துக் கோருக்குச் சொல்ல மறப்பதைப் பார்க்க, குறைந்தது இரண்டு கோர் உள்ள இன்னொரு பலகை வேண்டும்.